வலப்பக்கம் பூப்போட்ட சினிமாக்காரி

வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் எங்கள் வேலப்பன்சாவடியில் சினிமா பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. யாரை நிறுத்திக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பூந்தமல்லியில் கூடாரம் அடித்திருந்த டாக்கி கொட்டகை மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் நிரம்பி வழிந்தது. நிரப்பியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம்.

சினிமாவே பார்க்காத இந்த ஊரில்தான் அந்த நடிகையைப் பற்றி எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறாள், காதில் என்ன போடுகிறாள், நடக்கும்போது எந்தக் கையை வீசுகிறாள் என்றெல்லாம் கிணற்றடியில் விவரமாகப் பேசுவார்கள். பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள், "அவ" என்பார்கள். பெயரைச் சொன்னால் குடும்பப் பெண்ணின் வாய்க்கு ஆகாதாம். அவளைப் போலவே புஜத்தில் புஸ்ஸென்று உப்பி நிற்கும் ரவிக்கையைப் போட்டுக்கொண்டால் மட்டும் குடும்பப் பெண்ணின் தோளுக்கு ஒன்றும் ஆகாது. பூந்தமல்லித் தையற்கார பாயிடம் "அவ கை" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அளவெடுக்காமலே புரிந்துகொள்வார். துணிக்குத் தட்டுப்பாடான காலம் அது. உப்பின கைக்கோ ஏகப்பட்ட துணி வேண்டும். எங்கள் தெருப் பால்காரர் பெண்டாட்டி புருஷனுடைய வேட்டியில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போய்த் தைத்துவிட்டாள். அவர் அந்த வருஷம் முழுக்க முழங்காலுக்கு மேலே ஏறின வேட்டியோடுதான் பால் கறந்தார். கேட்டவர்களிடம் தேசபக்தி என்று சொல்லிவைத்தார்.

எங்கள் நைனாவுக்கு இதெல்லாம் அடியோடு ஆகாது. கத்தரியும் வெண்டையும் பயிர் செய்து பூந்தமல்லிச் சந்தையில் போடுகிற மனுஷர். நாட்டில் மழை குறைந்ததற்கும் மாடு மலடானதற்கும் சினிமாக்காரிகள்தான் காரணம் என்பது அவருடைய தீர்மானம். "ஜப்பான்காரன் குண்டு போட்டா ஒரு தெருதான் பூடும். அவ கண்ணடிச்சா ஊரே பூடும்" என்பார். அவள் கண்ணடிப்பாள் என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட நைனா ஒரு தை மாசத்தில் சந்தையிலிருந்து ஒரு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். புண்ணாக்குக் கடையில் வாடிக்கைக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தது. தாமரைப்பூவின்மேல் கிரீடத்தோடும் தாலியோடும் ஒரு தேவி நின்றிருந்தாள். ஒரு கையில் தாமரை. இன்னொரு கையை நம்மைப் பார்த்து நீட்டி எதையோ கொடுத்துக்கொண்டிருந்தாள். அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி. நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, புண்ணாக்குக் கடைக்காரருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்து மகாலட்சுமி என்று நைனாவே முடிவு செய்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் காலண்டரைக் காலண்டராக மாட்ட மாட்டார்கள். சாமி படமாக இருந்தால் தேதித் தாளையும் கடை விளம்பரத்தையும் வெட்டிவிட்டு, கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துவிடுவார்கள். பூந்தமல்லியில் சட்டம் போடுகிறவர் இதற்கென்றே ஜிகினாத் தூளும் பசையும் வைத்திருப்பார். கிரீடத்துக்குக் கொஞ்சம், சேலைக் கரைக்குக் கொஞ்சம் என்று ஒட்டிக் கொடுப்பார். அவர் அடியிலிருந்த இங்கிலீஷ் வரிகளை வெட்டி எறிந்தார். நீட்டின கையில் ஏதோ சதுரமாக இருந்தது அவருக்குச் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. அதன்மேல் ஜிகினாவைக் கொட்டிப் பொற்காசு மழையாக்கிவிட்டார். படம் வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பொங்கல் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. அந்தத் தேவியின் மோவாயில் சின்னதாக ஒரு குழி இருக்கும். துடைக்கும்போதெல்லாம் விரல் அங்கே கொஞ்சம் நிற்கும்.

எனக்குப் பதினாறு நடந்தபோது மேனாம்பேட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் நஞ்சை இருந்தது, பார வண்டிகள் இருந்தன. பையனுக்கு ஆவடியில் சண்டைக்காக எழும்பிக்கொண்டிருந்த பட்டாளக் கிடங்கில் வேலை. நைனா எங்கள் வழக்கப்படி படத்தின்மேல் பூ வைத்துக் கேட்டார். சட்டத்தின் உச்சியில் ஒரு பூவை வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. வெகுநேரம் பூ அசையவே இல்லை. நைனாவுக்குக் கால் கடுத்துப்போய், "தாயே, எதுனா ஒண்ணு சொல்லும்மா" என்றார். பூ வலப்பக்கம் விழுந்தது. மேனாம்பேட்டுக்காரர்களுக்கு ஆள் விட்டு, மகாலட்சுமியே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பெருமையாகச் சொல்லியனுப்பினார்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெரிசு. எனக்கு அது பிடித்திருந்தது. கை கழுவுகிற சாக்கில் புழக்கடைப் பக்கம் வந்தவர், நான் சொம்பை நீட்டினபோது தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சினிமா பார்த்துகீறியா?"

"இல்ல."

"கல்யாணம் ஆவட்டும். இட்டுகினு போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்தக் கல்யாணம் நடந்தே ஆகவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேறு எந்த மாப்பிள்ளை இப்படி ஒரு வார்த்தை சொல்லப்போகிறான்? அடுத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து எனக்குப் பூ வைக்க வேண்டும். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, அப்புறம் பேச்சு மாறாது. நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லிக் கொட்டகையில் அவளுடைய புதுப் படம் வந்து இறங்கியது. அரண்மனையில் ஆடுகிற தாசியாக வருகிறாளாம். சுற்று வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் கொதித்துப்போனார்கள். கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லி மனுக் கொடுப்பது என்று கூடிப் பேசினார்கள். என் வருங்கால மாமனார்தான் அதற்குத் தலைமை. நல்ல தொண்டை அவருக்கு.

"கண்டிக்கறதுன்னா இன்னான்னு தெரிஞ்சிகினுதான் கண்டிக்கணும். பார்க்காம கண்டிச்சா நம்பள மதிப்பானா?" என்று அவர் கேட்டதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. மனசில்லாமல், கடமைக்காக, எல்லாரும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, வண்டி கட்டிப் புறப்பட்டார்கள். நைனா அன்றைக்கு முகம் மழித்துக்கொண்டார். சம்பந்தி பக்கத்தில் உட்காரப் போகிறோமே என்றார்.

கொட்டகைக்குள் நடந்ததை எனக்குப் பிற்பாடு சொன்னவர் என் வீட்டுக்காரர். அவரும் அங்கேதான் இருந்தார். பெரியவர்கள் பெஞ்சியில், இவர் முன்னால் மணல் தரையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அவள் வருகிறவரைக்கும் பெரியவர்கள் ஒவ்வொன்றுக்கும் "தூ தூ" என்று சொல்லிக்கொண்டு இருந்தார்களாம். பிறகு சலங்கைச் சத்தம். திரை முழுக்க அவளுடைய முகம் வந்து நின்றது. நேராகப் பார்த்தாள். மோவாயில் குழி. நைனா சட்டென்று எழுந்து நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "தாயே!" என்றார்.

மணல் தரையில் ஆரம்பித்த சிரிப்பு பெஞ்சிவரைக்கும் போயிற்று. திரையில் அவள் ஆடிக்கொண்டிருக்க, நைனா கூப்பின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாராம்.

"இன்னா சம்பந்தி, தாயேன்றீங்க?" என்று மாமனார் கேட்டார்.

"இந்த அசிங்கத்தப் பார்த்த பாவத்துக்குக் கன்னத்துல போட்டுகினேன்."

"அப்ப தாயேன்னது?"

நைனாவுக்கு அதற்கு மேல் பொய் சொல்ல வராது. சந்தையில் எடைகூடச் சரியாகப் போடுகிறவர். வீட்டில் கும்பிடுகிற படத்தில் இருப்பதும் இவள்தான் என்று அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, ஜிகினாவை நகத்தால் சுரண்டினார். பொற்காசுகளுக்கு அடியிலிருந்து ஒரு சோப்புக்கட்டி பாதி எட்டிப் பார்த்தது. அம்மா குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப இத்தினி வெள்ளிக்கெழம நான் சோப்புக்கா பொங்கல் வெச்சேன்?"

படத்தைத் தூக்கி எறியவும் நைனாவுக்குத் தைரியமில்லை. மஞ்சள் குங்குமம் வாங்கின படம், எறிந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். வைத்துக் கும்பிடவும் மானம் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் விடிந்து பார்த்தால் அம்மா படத்தின் முதுகுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

மேனாம்பேட்டிலிருந்து பேச்சு மூச்சில்லை. பிறகு ஒரு நாள், வந்து பேச வேண்டும் என்று ஆள் வந்தது. இந்த மாதிரி சமயத்தில் "பேச வேண்டும்" என்றால் என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அழுததற்கு வெட்கப்படவும் இல்லை. ஊரே அவளைப் பார்த்து ரவிக்கை தைத்துக்கொண்டது, வகிடு எடுத்துக்கொண்டது, யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. அவளைப் பார்த்தே இராத எனக்கு மட்டும் அவளால் கல்யாணம் நின்றுபோவதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வந்தார்கள். மாமனாரும் அவருடைய பங்காளிகளும் முற்றத்துப் புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். என் வருங்கால மாமியார் மட்டும் உள்ளே வந்தாள். பெரிய உருவம், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். பேசினால் அடுத்த வயலுக்குக் கேட்கும். நேராகப் போய் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த படத்தையும் அதன் முதுகுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புழக்கடையில் காற்று வருகிறதா என்று கேட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே ஆண்கள் விசாரணையை ஆரம்பித்தார்கள். பூ விழுந்தது செல்லுமா, செல்லாதா?

"பூவப் போட்டது காத்து. படத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது" என்றார் ஒரு பங்காளி.

"அன்னிக்குக் காத்தே இல்லியே" என்றார் நைனா. தன் கட்சிக்கே ஆகாத உண்மையை அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

"அப்ப அவதான் போட்டாளா? ஒரு கூத்தாடிச்சி உத்தரவு குடுத்து நான் மருமவள எடுக்கணுமா?" என்று மாமனார் தொண்டையைத் திறந்தார்.

அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு கார் இருமிக்கொண்டே வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். பணக்காரர்கள் காருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு ஒன்றை மாட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து மேற்கே போகிற கார்கள் எங்கள் ஊர் வரும்போது மூச்சு வாங்கி நிற்பது வழக்கம். டிரைவர் முகமெல்லாம் கரியாக முற்றத்துக்கு வந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். காரில் யார் என்று மாமனார் கேட்டார். டிரைவர் பெயரைச் சொன்னார்.

ஊரில் யாரும் வாயால் சொல்லாத அந்தப் பெயர் புங்கமரத்தடியில் விழுந்ததும் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். துண்டு சரியாயிற்று, மீசை சரியாயிற்று. நைனாவுக்கோ இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று பட்டிருக்க வேண்டும். சம்பந்திக்குக் கேட்கும்படி உரக்கக் கத்தினார்.

"சினிமாக்காரிக்கு இந்த ஊட்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது! போச் சொல்லு!"

கத்திவிட்டு, கழுத்தை நீட்டிக் காரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருப்பது தெரியவில்லை. அவள் இறங்கி உள்ளே வந்துவிடாமல் காவல் காப்பது என்று ரோட்டோரம் வரிசையாக நின்றுகொண்டார்கள். வெகுநேரம் அப்படியே நின்றார்கள். காரில் யாருமே இல்லை. கார் நின்றதுமே அவள் இறங்கி, தண்ணீரும் மறைவான இடமும் தேடுகிற எந்தப் பெண்ணும் செய்வது போல வீட்டைச் சுற்றிக்கொண்டு புழக்கடைக் கிணற்றுக்கு வந்துவிட்டிருந்தாள்.

புழக்கடையில் மாமியாரோடு இருந்த அம்மாவுக்கும் எனக்கும் முன்னால் வந்து நின்றவள் என்னைவிடக் குள்ளம். நூல் சேலை, தலையில் ஈரிழைத் துண்டு சுற்றியிருந்தது. மூக்கைச் சுற்றிக் கரி. ரவிக்கைக் கை உப்பவில்லை, சாதாரணக் கை. முன்பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை அவளும் கேட்டிருந்தாள்.

"காதுல விழுந்துதும்மா. வாளிய வெளியில வெச்சுட்டீங்கன்னா நானே சேந்திக்கறேன்" என்றாள். கோபமே இல்லாமல், பழகிப்போன ஒரு காரியத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். அது எனக்குச் சுருக்கென்றது.

மோவாயில் குழி இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உள்ளே போனாள். படத்துக்கு முன்னால் தீர்த்தம் வைக்கிற பித்தளைச் செம்பை எடுத்து வந்து, தானே தண்ணீர் சேந்தி அவள் கையில் கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடித்தாள். முகம் கழுவக் கேட்டபோது அம்மா கொஞ்சம் தயங்கினாள்.

"எங்க ஊட்ல சோப்பு கெடையாதும்மா. பயத்தமாவுதான்."

"நானும் பயத்தமாவுதான். அந்த சோப்பு போட்டா எனக்குச் சொறி வருது" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. கழுவித் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தாள். உள்ளே போய் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது நீதானே?"

அவள் பார்த்தாள். குங்குமத்தையும், கண்ணாடியில் படிந்திருந்த சூடப் புகையையும், பாதி சுரண்டின காசு மழையையும் பார்த்தாள்.

"நான்தான். சோப்பு மேல இது என்னம்மா, காசா? எனக்கு ஒரு பெட்டி சோப்புதான் குடுத்தாங்க."

மாமியார் சிரிக்கவில்லை. பூப்போட்டுக் கேட்டதையும், வலப்பக்கம் விழுந்ததையும், கொட்டகையில் நைனா எழுந்து நின்றதையும், இப்போது வெளியே விசாரணை நடப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வழக்கமாக ஊருக்கே கேட்கிற குரல் அன்றைக்குக் கிணற்றடியைத் தாண்டவில்லை. சொல்லிவிட்டு, என் தலைக்கென்று மடியில் கட்டிக் கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாமியார் கல்யாணத்தை நிறுத்துகிற எண்ணத்தோடு மட்டும் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பூவையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சரத்தை அந்த நடிகையிடம் நீட்டினாள். "பொண்ணுக்கு வெச்சு வுடு."

அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"ஐயோ, நான் வெக்கக் கூடாதும்மா. எனக்குக் கல்யாணம் ஆகல. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஆகறதும் இல்ல. நல்ல காரியத்துக்கு எங்களக் கிட்ட சேக்க மாட்டாங்க. நீங்க வெச்சுடுங்க, நான் தள்ளி நின்னு பாக்கறேன்."

"இதுல தாலி கட்டிகினு கீறியே" என்று மாமியார் படத்தைக் காட்டினாள்.

"அது வேஷம்."

கிணற்றடியில் நாங்கள் நாலு பெண்கள். வெளியே ஆண்கள் காலிக் காரைக் கண்டித்துக்கொண்டு நிற்பது கேட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எதையும் வழக்கத்தை மீறிச் செய்ய மாட்டார்கள். வழக்கத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்தால் மட்டும் செய்வார்கள். மாமியார் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பூவ வலப்பக்கம் போட்டது யாரு? நீ போட்டியா, காத்து போட்டுதா? அன்னிக்குக் காத்தே இல்லன்னு பொண்ணப் பெத்தவரே சொல்லிகினு கீறாரு. அப்ப நீதான் போட்ட. போட்டவதான் வெக்கணும்."

அந்த நடிகை என்னைப் பார்த்தாள். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. அதுவரைக்கும் என்னை யாரும் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. நான் திரும்பி நின்று தலையைக் குனிந்தேன். எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஊசி குத்தத் தெரியாதவள் மாதிரி வெகுநேரம் தடுமாறினாள். கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. முகம் கழுவின தண்ணீர் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்குத் தெரியும்.

"நல்லா இரு. நீ கேட்டது கெடைக்கட்டும்" என்றாள். எப்படி வந்தாளோ அப்படியே சுற்றிக்கொண்டு போனாள்.

கார் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. புகை அடங்கி ஆண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பியபோது மாமியார் என்னைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். என் தலையில் பூ இருந்தது.

"பூ வெச்சாச்சி. நாள் பாருங்க."

"யாரு வெச்சது?" என்றார் மாமனார்.

"வெக்க வேண்டியவங்க வெச்சாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். சீரோட சேந்து அந்தப் படமும் எங்க ஊட்டுக்கு வரணும்."

மாமனாருடைய அவ்வளவு பெரிய தொண்டை மாமியாருக்கு முன்னால் மட்டும்தான் வேலை செய்யாது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். நைனா சாகிறவரைக்கும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த சினிமாக்காரியைக் காரிலிருந்து இறங்கவே விடாமல் விரட்டியடித்ததால்தான் மகள் கல்யாணம் நடந்ததாம். சொல்லச் சொல்ல, காருக்குள் அவள் பயந்து நடுங்கினதையும் இவர் கண்ணால் பார்த்திருந்தார். கொட்டகையை எதிர்த்து மனு மட்டும் போகவேயில்லை. கண்டிப்பதற்கு இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும் என்று பெரியவர்கள் மறுபடி மறுபடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் வார்த்தையைக் காப்பாற்றினார். துணைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டினோம். கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தட்டி கட்டியிருக்கும். நானும் மாமியாரும் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். அவள் திரையில் வந்தாள். அப்பா, என்ன உயரம்! மலைத்துப்போனேன். கிணற்றடியில் தயங்கி நின்றவளா இவள் என்றிருந்தது. அவள் நடந்தால் பெண்கள் பக்கம் பெருமூச்சு விட்டது, ஆண்கள் பக்கம் விசில் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய ரவிக்கையைப் பார்த்து விரலால் மடிப்பு எண்ணிக்கொண்டிருந்தாள்.

கதை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அவளோடு சுற்றின ஜமீன் வீட்டுப் பையன் நல்ல குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு அவள் பூத்தட்டோடு வருகிறாள், மணப்பெண்ணுக்குத் தன் கையால் பூ வைக்க ஆசைப்பட்டு. மாப்பிள்ளையின் தாய் ஓடிவந்து தட்டைப் பிடுங்குகிறாள். "எட்டிப் போடி!"

கொட்டகை கை தட்டியது. "நல்லா வேணும் அவளுக்கு" என்றாள் பக்கத்திலிருந்தவள். அவளுடைய ரவிக்கைக் கை புஸ்ஸென்று உப்பியிருந்தது.

என் மாமியார் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த வயலுக்குக் கேட்கிற அந்தக் குரலில், திரையில் தட்டைப் பிடுங்கினவளைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய்! தட்டக் குடுறி அவகிட்ட! அவ வெக்கட்டும்! என் ஊட்டுப் பொண்ணுக்கு அவதான் வெச்சா!"

கொட்டகையே சிரித்தது. உட்கார் ஆயா என்று ஆண்கள் பக்கமிருந்து சத்தம் போட்டார்கள். மாமியார் உட்காரவில்லை. திரையில் அவள் வெறுங்கையோடு படியிறங்கிப் போகிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள். நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன்.